பனிச்சங்கேணியில் நகராத நரம்பு

மட்டக்களப்பில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை ஒரு திட்டு. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் என் மடியிலிருந்த பைக்குள் ஜெல் பாட்டிலின் மூடி கழன்றுகொண்டது. ஸ்கேன் எடுக்கும்போது தோலில் தடவுவோமே, அந்த நீல வழவழப்பு பாதிக்கு மேல் பக்கத்து இருக்கை அம்மாவின் சேலையில் இறங்கிவிட்டது.

“என்ன புள்ள இது? கண் தெரியாதா? கத்தாழையா இது?”

“ஸ்கேன் ஜெல்லுங்க. மன்னிச்சுக்கங்க. தண்ணி பட்டாப் போயிருமுங்க.”

“வயித்துப் புள்ளயப் பாக்கிற மிசினா?”

“இல்லைங்க. நரம்பைப் பாக்கறதுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சேலையை உதறிவிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்ப் பையை என் பக்கம் நீட்டினார். “சரி, இதச் சாப்பிடுங்க. அதுக்கு ஏன் அழுற மாதிரி இரிக்கீங்க?” எங்கள் கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் இது நடந்திருந்தால் காந்திபுரம் வரும்வரை என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். நான் மாங்காயைத் தின்றேன். இந்தப் பயணத்தில் மனசில் பாரமில்லாமல் நான் தின்றவற்றில் அதுவும் ஒன்று.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கை கால் அசையும்போது உள்ளே நரம்பு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்து அளப்பது. நரம்பு மின்கம்பி மாதிரி ஒரே இடத்தில் கிடக்கிற சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விரலை மடக்கினால் அது மணிக்கட்டுக்குள் சறுக்கிப் போகும், நீட்டினால் திரும்பி வரும். பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டால் என்ன பாடு என்பது பாவாடை கட்டியவர்களுக்குத் தெரியும். நரம்பு சிக்கிக்கொண்டால் விரல் மரத்துப்போகும், பிறகு பிடி போகும், கடைசியில் சதையே வற்றிவிடும்.

ஃபரீனா சென்னையில் படித்த காலத்தில் என் அறைத்தோழி. இப்போது காத்தான்குடியில் டாக்டர். “உங்கட ஊர்க் கையையே எத்தின நாளைக்குப் பாத்திட்டிருப்பாய்? எங்கட ஆக்கள்ற கையையும் வந்து பாரன்” என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தறி நெய்கிறவர்கள், வாவியில் வலை வீசுகிறவர்கள் என்று கையை நம்பிப் பிழைக்கிறவர்களின் நரம்பைத்தான் நானும் அளக்க ஆசைப்பட்டேன். மடிக்கணினி அளவுள்ள மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். ஃபரீனாவின் மாமியார் பிட்டும் இறால் கறியும் வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று தட்டின் மேல் கையை வைத்தால் கையின் மேலேயே பரிமாறிவிடுவார் போலிருந்தது. அதற்குப் பிறகு சட்டியில் எருமைத் தயிர், அதன் மேல் கித்துள் பாணி என்கிற பனைப்பாகு. ஊரில் நாங்கள் தயிரில் சர்க்கரை போட்டால் குழந்தைக்கா என்று கேட்போம். இங்கே பெரிய மனிதர்கள் கூச்சமே இல்லாமல் வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

மாமியாருக்கு என் வேலையில் நம்பிக்கை வரவில்லை. “நரம்பு நகருமா? நகர்ந்தா அது எங்க போவும்?” என்றார். சாப்பாட்டு மேசையிலேயே அவர் கையை வைத்து மிஷினைக் காட்டினேன். விரலை மடக்கச் சொன்னதும் திரையில் அந்த வரிவரியான பட்டை ஒரு அரிசி நீளத்துக்குச் சறுக்கியது. “மாஷா அல்லாஹ்! என்ட நரம்பா இது? இந்த வயசிலயும் நல்லா ஓடுதே!” என்றார். அன்று மாலைக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் தங்கள் நரம்பு ஓடுவதைப் பார்த்துவிட்டார்கள். என் ஜெல் கணக்கில்லாமல் தீர்ந்தது.

மறுநாள் தறிக் கொட்டில்கள். எங்கள் சோமனூரில் பவர்லூம் போடுகிற இரைச்சலில் மனுஷன் மனுஷனிடம் சைகையில்தான் பேசவேண்டும். இங்கே கைத்தறி, நெய்துகொண்டே கதைத்துக்கொண்டிருந்தார்கள். நெய்யும் பெண் ஒருத்தி மட்டும் கையை நீட்டத் தயங்கினாள். “பாத்திட்டு நெய்யாத எண்டு சொல்லிருவீங்களோ?” என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்று சிரித்தேன். நான் அளக்க மட்டுமே வந்தவள் என்றும் சொன்னேன். அன்றைக்கு அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பனிச்சங்கேணி, வாவிக் கரையிலிருக்கிற மீனவ ஊர். ஃபரீனாவே காரை ஓட்டினாள். ஓட்டமாவடி தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. “ஜாக்கிய மச்சான் எடுத்திட்டுப் போனவர், தாறன் தாறன் எண்டு இன்னும் தாறார்” என்றாள் ஃபரீனா. நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் ஜாக்கியை வைத்து டயரை மாற்றி, ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஏறிப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பொது மண்டபத்தில் கையைக் காட்டக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். மின்சாரமும் அவர்களோடு கிளம்பியிருந்தது. மிஷினில் பேட்டரி இருந்ததால் பிழைத்தேன்.

கடைசியாக வந்தவர்கள் தவராசாவும் அவர் மனைவி யோகேஸ்வரியும். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும், உரம் ஏறிய உடம்பு. இருவரும் ஒரே தோணியில் தொழிலுக்குப் போகிறவர்கள். அவள் கம்பு ஊன்றித் தோணியைத் தள்ளுவாள், அவர் வீச்சுவலை எறிவார்.

“கைக்கு என்னங்க?” என்றேன்.

“ஒண்டுமில்ல மிஸ்” என்றார் தவராசா.

“அவர் அப்பிடித்தான் சொல்லுவார்” என்று யோகேஸ்வரி முன்னால் வந்தாள். “இடக்கை விறைச்சு இரிக்கி மிஸ். பெருவிரலும் அதுக்கடுத்த ரெண்டும். முதல்ல சும்மா சுணைச்ச மாதிரி இருந்த. மறுகா பிடி போயித்து. தேத்தண்ணிக் கோப்பையப் பிடிச்சாலும் நழுவி விழுற. ஒரு இடத்தில காட்டினம், வாயு எண்டு களிம்பு தந்தாங்க. எந்த நாளும் நான் தேச்சு விடுற.”

பெருவிரலின் அடியில் மேடாக இருக்கவேண்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அதைப் பார்த்ததுமே ஃபரீனா என்னைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்த தழும்பு ஒன்று இருந்தது. கயிறோடு வேலை செய்கிறவர் கையில் தழும்பு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

“இது திரும்ப வருமா மிஸ்?” என்று கேட்டார் தவராசா. ஒன்றுமில்லை என்று சொன்ன அதே மனிதர்தான். “வலை எறியக் கை ரெண்டும் வேணும். எனக்கு இதவிட வேற தொழில் தெரியா.”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பெருவிரல் பக்கம் போகிற நரம்பு வழக்கமாக நெரிபடுகிற இடம் உள்ளங்கையின் அடிவாரம். திரையில் அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், நரம்பு நசுங்கி மெலிந்திருந்தது. அதற்கும் மேலே வீங்கியிருந்தது. விரலை மடக்கச் சொன்னேன். பக்கத்திலிருந்த தசைநார்கள் ஓடின. நரம்பு அசையவில்லை.

இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவர் கை போய்க்கொண்டிருக்கிறது என்பதைவிட அது ஏன் அந்த இடத்தில் என்ற கேள்விதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். “நீங்க வேலை செய்யறதைப் பாக்கணுமுங்க” என்றேன்.

“அதுக்கென்ன, விடிய வாங்க” என்றார்.

அன்றிரவு ஓட்டமாவடியில் ஃபரீனாவின் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, விடியும்போது வாவிக் கரைக்குப் போய்விட்டோம். கோயம்புத்தூர்க்காரிக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. தோணியில் கால் வைத்ததும் அது ஆடிய ஆட்டத்தில் யோகேஸ்வரியின் தோளைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பயப்படாதீங்க மிஸ், விழுந்தாலும் முழங்கால் தண்ணிதான். எழும்பி நிண்டாச் சரி!” ஃபரீனா ஏற மறுத்து, கரையிலேயே மிஷினுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டாள்.

கரையோரச் சேற்றில் அடர்ந்திருந்த கண்ணாப் பற்றைகளைத் தாண்டியதும் தவராசா வலையை எடுத்து மடிப்பு மடிப்பாகத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எதுவும் சொல்லாமல் இடக்கையை யோகேஸ்வரியின் பக்கம் நீட்டினார். அவள் கம்பைக் கீழே வைத்துவிட்டு, வலையின் கைக்கயிற்றை அவர் மணிக்கட்டைச் சுற்றி, மறுபடி சுற்றி, இன்னொரு முறையும் சுற்றி, முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். நைலான் கயிறு, நனைந்தது. அவர் கை அந்த இழுப்பில் ஒருமுறை குலுங்கியது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“எல்லாரும் இப்படியா கட்டறாங்க?” என்றேன்.

“இல்ல மிஸ். மத்தவங்க சும்மா ஒரு சுத்துப் போட்டுக் கையால பிடிச்சுக்குவாங்க. இவருக்குத்தான் பிடி இல்லயே. ஒருக்கா வலையே கையால நழுவிப் போயித்து. அதுக்குப் பொறகு நான் கட்டி விடுற. பிடி குறையக் குறைய நான் இறுக்கிற.” முடிச்சைத் தட்டிக் காட்டினாள். “என்ட கட்டு அவிழாது. போன மாரியில பெரிய கொடுவா மீன் ஒண்டு இழுத்துப் பாத்தது. மனுசன் சாஞ்சிட்டார், வலை போகல்ல!”

அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.  அவர் வலையை வீசினார். அது அழகாக வட்டமாக விழுந்தது என்று நினைக்கிறேன், நான் அதைப் பார்க்கவில்லை. வலையை இழுக்கும்போது அந்தக் கயிறு எங்கே அழுந்துகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுத் திரையில் நரம்பு நசுங்கியிருந்த அதே இடம்.

கரைக்கு வந்ததும் நான் செய்ததை என்னால் மாற்ற முடியாது. யோகேஸ்வரியை எங்காவது அனுப்பியிருக்கலாம். ஃபரீனாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். காருக்குள் போய் யோசித்திருக்கலாம். நானோ விடை கிடைத்துவிட்ட அவசரத்தில், தோணியின் விளிம்பிலேயே அவரை உட்காரவைத்து, கயிற்றைக் கழற்றி, அது பதிந்திருந்த பள்ளத்திலேயே ஜெல்லைத் தடவினேன். யோகேஸ்வரி என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வலக்கை பாருங்க, எப்படி ஓடுது” என்று முதலில் நல்ல கையைக் காட்டினேன். பிறகு இடக்கை. “இது பாருங்க. கயிறு அழுத்தற இடத்துலயே பிடிச்சுக்கிச்சு. நகரவே மாட்டேங்குது.” சொல்லி முடித்த பிறகுதான் ஃபரீனாவின் முகத்தைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“இது நான் கட்டுற இடமா?” என்றாள் யோகேஸ்வரி.

நான் அவசரமாகத் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“நான் கட்டினதாலயா மிஸ்?”

“தொடக்கத்தில வேற காரணமும் இருந்திருக்கலாம் தங்கச்சி” என்றாள் ஃபரீனா. “முதல்லயே கொஞ்சம் விறைச்சுத்தானே இருந்த? பொறகுதானே நீங்க கட்டின?” அது பொய்யில்லை. ஆனால் அது முழுப் பதிலும் இல்லை என்பது யோகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

தவராசா சிரிக்க முயன்றார். “ச்சே, அவள்ற கட்டில ஒண்டுமில்ல. நொந்திருந்தா நான் சொல்லியிருப்பனே. ஒரு நாளும் நோகல்ல.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். யோகேஸ்வரி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “விறைச்ச கை எப்பிடி நோகும்?” என்றாள். “நோகாத கையெண்டுதானே நான் அவ்வளவு இறுக்கின.” பிறகு தோணியில் கிடந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்து, அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக அறுக்கத் தொடங்கினாள். நல்ல கயிறு. தவராசா அவளைத் தடுக்கவில்லை.

அவ்வளவுக்குப் பிறகும் எங்களைத் தேத்தண்ணி குடிக்காமல் போகவிடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கோப்பையைக் கையில் கொடுத்தாள். சீனி போட மறந்திருந்தாள். ஃபரீனாவும் நானும் அதை அப்படியே குடித்தோம். புறப்படும் முன்பு ஃபரீனா அவர்கள் இருவரையும் உட்காரவைத்து மெதுவாக எடுத்துச் சொன்னாள். கையில் இனிக் கயிறு படக்கூடாது. ஆபரேஷன் செய்து சிக்கிய நரம்பை விடுவிக்கலாம், சுரணை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். வற்றிய சதையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. “வலை எறியிற அளவுக்கு வருமா?” என்றார் தவராசா. “தெரியா அண்ணே. வரும் எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன்” என்றாள் ஃபரீனா.

காரில் எங்களுக்குள் சண்டை. “எப்படியும் சொல்லித்தானே ஆகணும்? கயித்தை இன்னிக்கே நிறுத்தியாகணுமே!” என்று நான்தான் முதலில் கத்தினேன்.

“சொல்லத்தான் வேணும். நான் இல்லையெண்டு சொன்னனா? அவட கண்ணுக்கு முன்னுக்குப் படம் போட்டுக் காட்டியா சொல்லணும்? இனி அந்தப் பொம்புள ராவு பகலாப் பாக்கப்போறது அந்தப் படத்தத்தான்.”

 காத்தான்குடிக்குத் திரும்பும் வழியில், என் மனசை மாற்றட்டும் என்று பாசிக்குடாவில் காரை நிறுத்தினாள். இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடந்து போகலாம் என்று எல்லோரும் சொல்லுகிற கடல். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பந்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஃபரீனா வாங்கிக் கொடுத்த இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், அது ஆறிப்போனது.

ஃபரீனா சும்மா இருக்கிற ஆள் இல்லை. யாரையோ பிடித்து, கெஞ்சி, அதட்டி, நான் ஊருக்குக் கிளம்புகிற வாரத்திலேயே தவராசாவுக்கு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அதற்கு முந்தின நாள் மாலை நாங்கள் வார்டுக்குப் போனோம். அவர் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். யோகேஸ்வரி ஒரு வெற்றிலைக்குள் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மன் கோயிலில் நேர்ந்து வாங்கிய மஞ்சள் நூல்.

“மிஸ், இத நீங்க அவருக்குக் கட்டி விடுங்க” என்று என்னிடம் நீட்டினாள்.

 நூலை வாங்கிக்கொண்டேன். தவராசா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“மிஸ் கோவிக்கக் கூடா. அவ கட்டட்டும்” என்றார்.

“நான் இனி ஒங்கட கையில ஒண்டும் கட்டமாட்டன் எண்டு சொல்லிட்டன்தானே?”

“நீ கட்டினாத்தான் நான் நாளைக்கு உள்ளுக்குப் போவன்.” இடக்கையை நீட்டினார்.

“ஆம்பிளைக்கு வலக்கையிலதான் கட்டுற” என்றாள் அவள்.

“சுகமில்லாத கை இதுதானே. கட்டு.”

நூலை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைத் தழும்பின் மேல் படாமல் சற்றுக் கீழே, ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள். தோணியில் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்தவளா இவள் என்று இருந்தது.  நூலுக்கும் கைக்கும் நடுவே ஒரு விரலை விட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

“இறுக்கிக் கட்டு” என்றார் தவராசா. “கழண்டிரும்.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு விரலை உருவிக்கொண்டாள். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கையைக் கட்டிலின் ஓரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் திரும்பி, இனி ஒண்டுக்கும் பயமில்ல மிஸ், அம்மாள்ற நூல் கையில இரிக்கி, அதுவும் இவ கட்டினது, என்று சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முடிச்சு நெகிழ்ந்து நூல் மணிக்கட்டிலிருந்து இறங்கியது. பெருவிரலில் கொஞ்சம் தங்கி, மரத்த விரல்களின் வழியாகச் சறுக்கித் தரையில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. யோகேஸ்வரி பார்த்தாள், நானும் பார்த்தேன். அவர் இன்னும் நூலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.